அபார்ட்மென்ட் கரண்ட் பில்லைக் குறைக்கணுமா? சோலாருக்கு முன்னாடி பண்ண வேண்டியது நிறைய இருக்கு

அசோசியேஷன் மீட்டிங்ல கரண்ட் பில் பத்தி பேச்சு எடுத்தாலே முதல்ல வர்ற வார்த்தை சோலார்தான். யாராவது ஒருத்தர் கொட்டேஷனோட வந்துடுவாங்க, மொட்டை மாடி அளவு எடுத்தாச்சு, மானியம் எவ்ளோன்னு கணக்கு போட்டாச்சு, ஆனா கீழ சம்ப் பக்கத்துல இருக்குற மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு கேட்டா கமிட்டில ஒருத்தருக்கும் பதில் தெரியாது. சோலார் வேணாம்னு நான் சொல்லல, கண்டிப்பா போடணும், ஆனா அது கடைசி வேலை. முதல்ல வீணாப் போற கரண்ட்டை நிறுத்தணும், அதுக்கப்புறம் மிச்சம் இருக்குற தேவைக்கு எவ்ளோ பேனல் வேணும்னு பார்க்கணும், அப்படிப் பண்ணா பல பில்டிங்ல முதல்ல கேட்ட அளவுல பாதியே போதும்னு தெரிய வரும்.

இது 10 வீட்டுல இருந்து ஒரு 50 வீடு வரைக்கும் இருக்குற சாதாரண அபார்ட்மென்ட்டுக்காக எழுதுறது. சென்னை, கோவை, மதுரை எங்க இருந்தாலும் பொருந்தும். புதுசா கமிட்டிக்கு வந்தவங்க, "இந்த வருஷமாவது ஏதாவது பண்ணலாமே"ன்னு நினைக்கிறவங்க இதே வரிசையில போங்க.

முதல் வேலை: பில்லை எல்லாம் ஒரு இடத்துல சேருங்க

காமன் சர்வீஸ் நம்பர் எத்தனை இருக்குன்னு பாருங்க. சில பில்டிங்ல லிஃப்ட், மோட்டார், காரிடார் லைட் எல்லாம் ஒரே கனெக்‌ஷன், சில இடத்துல பிளாக்குக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது ஒரு வருஷத்துப் பில், அதாவது ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு 6 பில், ஒரு நோட்டுல எழுதுங்க. எக்ஸெல்ல போட்டா நல்லது, நோட்டு போதும்னாலும் சரி. யூனிட்டுக்கு ஒரு வரிசை, ரூபாய்க்கு ஒரு வரிசை. ரூபாயை மட்டும் பார்த்தா கட்டணம் ஏறினதும் உபயோகம் ஏறினதும் குழம்பிடும், அதனால யூனிட்தான் முக்கியம்.

கட்டணம் எப்படி வருதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கணும். 2022 செப்டம்பர் வரைக்கும் அபார்ட்மென்ட் பொது உபயோகமும் வீட்டுக் கட்டணத்துலதான் இருந்துச்சு. அப்போ வந்த கட்டண உயர்வுல அதைத் தனியா 1-டி ன்னு ஒரு வகையாப் பிரிச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினாங்க, அது இல்லாம நிலைக்கட்டணம் வேற. 100 யூனிட் இலவசம் எல்லாம் இதுல கிடையாது, முதல் யூனிட்ல இருந்தே முழு ரேட். அதனால காமன் மீட்டர்ல நீங்க மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் நேரா பணம். அப்புறம் 2023-ல 10 வீடோ அதுக்குக் கம்மியோ, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத பில்டிங்குக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசுன்னு குறைச்சாங்க. அதுக்கப்புறமும் ரேட் மாறியிருக்கு, உங்க லேட்டஸ்ட் பில்லைப் பாருங்க. ஆனா அந்தச் சின்ன பில்டிங் வகையில வர்றவங்க பெரிய பில்டிங் ரேட்லயே கட்டிட்டு இருக்கீங்களான்னு ஒரு தடவை செக் பண்ணுங்க, அப்படி இருந்தா செக்‌ஷன் ஆபீஸ்ல ஏஇ-யை, அதாவது உதவிப் பொறியாளரைப் பார்த்து எழுதிக் குடுங்க.

நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்குல வர்றதால பில்லுல இருக்குற சாங்ஷன் லோடையும், அதாவது ஈபி உங்களுக்கு அனுமதிச்ச அதிகபட்ச லோடையும் பாருங்க. பில்டர் காலத்துல எதுக்கோ அதிகமா வாங்கின லோடு அப்படியே இருக்கலாம். ஆனா அதைக் குறைக்க இப்போ அவசரப்படாதீங்க, மத்த வேலை எல்லாம் முடிஞ்சு நிஜமா எவ்ளோ லோடு வருதுன்னு தெரிஞ்சப்புறம் எலக்ட்ரீஷியனை வச்சுக்கிட்டு முடிவு பண்ணலாம்.

ராத்திரி ரீடிங்

செலவே இல்லாத வேலை, ஆனா இதுல தெரியுற விஷயம் வேற எதுலயும் தெரியாது. ராத்திரி 11 மணிக்கு காமன் மீட்டர் ரீடிங்கை போன்ல போட்டோ எடுத்துக்குங்க, விடியக்காலம் 5 மணிக்கு மறுபடி ஒரு போட்டோ. இந்த 6 மணி நேரத்துல யாரும் லிஃப்ட் பெருசா யூஸ் பண்ண மாட்டாங்க, காரிடார் லைட்டும் கேமராவும்தான் ஓடணும். லைட் எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை வாட்ஸ்னு எண்ணி கூட்டிப் பாருங்க. உதாரணத்துக்கு 20 வாட்ஸ் எல்இடி 20 இருந்தா 400 வாட்ஸ், 6 மணி நேரத்துக்கு 2.4 யூனிட். மீட்டர்ல 9 யூனிட் ஓடியிருந்தா மிச்சம் எங்க போச்சு? அதைத் தேடணும்.

தேடுறதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. மீட்டர் முகப்புல ஒரு சின்ன சிவப்பு லைட் கண் சிமிட்டிட்டே இருக்கும் பாருங்க, அதுக்குப் பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்புன்னு அச்சடிச்சு இருப்பாங்க, 3200, 1600, 800 இப்படி ஏதாவது ஒரு நம்பர். 3200-ன்னு இருந்தா 3200 தடவை மின்னினா ஒரு யூனிட். போன்ல ஒரு நிமிஷம் டைமர் வச்சு எண்ணுங்க, 16 தடவை மின்னிச்சுன்னா மணிக்கு 960, அதை 3200 ஆல வகுத்தா 0.3, அதாவது அந்த நேரத்துல 300 வாட்ஸ் ஓடுது. இப்போ கூட ஒருத்தர் இருந்தா அவரை விட்டு காரிடார் லைட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, துடிப்பு எவ்ளோ குறையுதுன்னு பாருங்க, அப்புறம் கார் பார்க்கிங் லைட், அப்புறம் வாட்ச்மேன் ரூம், ஒவ்வொண்ணா. எல்லாத்தையும் அணைச்சப்புறமும் வேகமா மின்னிட்டு இருந்தா எங்கயோ ஒண்ணு ஓடிட்டு இருக்கு. யாரும் போகாத ரூம்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், பில்டர் விட்டுட்டுப் போன ஒரு ஒயர், பக்கத்து கடைக்குப் போற ஒரு லைன், இப்படி எது வேணா இருக்கலாம். ரொம்ப பெரிய பில்டிங்ல சிடி மீட்டர், அதாவது மொத்தக் கரண்ட்டுல ஒரு சின்னப் பங்கை மட்டும் அளக்குற மீட்டர் இருந்தா துடிப்புக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது, பெருக்கல் எண் உண்டு, எலக்ட்ரீஷியனைக் கேளுங்க. மெயின் போர்டைத் திறக்குற வேலையும் அவரோடதுதான், நீங்க கை வைக்காதீங்க.

மெயின்டனன்ஸ் நோட்டுல தினமும் காலைல 6 மணி ரீடிங் எழுதுற பழக்கத்தையும் இதோட ஆரம்பிங்க. செக்யூரிட்டி அண்ணன்கிட்ட எதுக்குன்னு விளக்கிச் சொல்லுங்க, நிறைய பேர் இந்த இடத்துலதான் விட்டுடுறாங்க, "எழுதுப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுறாங்க. மோட்டார் எப்போ திணறுது, எந்த டேங்க் எப்போ வழியுது, எந்த வீட்டுக்கு எப்போ தண்ணி வரலன்னு ஃபோன் வருதுன்னு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு கமிட்டில யாருக்கும் தெரியாது. அவரை இந்த வேலையில ஒரு ஆளா சேர்த்துக்குங்க.

மோட்டார்தான் பெரிய திருடன்

என் அனுபவத்துல சின்ன, நடுத்தர அபார்ட்மென்ட்ல காமன் பில்லுல லைட்டை விட, லிஃப்ட்டை விட, தண்ணி மோட்டார்தான் அதிகம் இழுக்குது. கணக்கு பாருங்க. 1000 லிட்டர் தண்ணியை 20 மீட்டர் உயரம் தூக்க பௌதீகப்படி 0.055 யூனிட் போதும். பம்பு, குழாய், வளைவு எல்லாத்துலயும் போறது போக மூணுல ஒரு பங்குதான் உருப்படியா தண்ணிக்குப் போய்ச் சேருதுன்னு வச்சாலும் 0.2 யூனிட்டுக்குள்ள வரணும். 24 வீடு, வீட்டுக்கு 500 லிட்டர்னா ஒரு நாளைக்கு 12,000 லிட்டர், அப்போ சம்ப்ல இருந்து மேல ஏத்த சுமார் ரெண்டரை யூனிட். இப்போ உங்க 2 எச்பி மோட்டார் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓடுதுன்னா அது கிட்டத்தட்ட 10 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட், 8 ரூபாய்னா 4,800 ரூபாய், அதுல முக்கால்வாசி தேவையே இல்லாதது.

எங்க போகுதுன்னா, முதல்ல ஓவர்ஃப்ளோ. டேங்க் நிரம்பி மொட்டை மாடில வழிஞ்சு ஓடுற வரைக்கும் மோட்டார் ஓடும், சத்தம் கேட்டுத்தான் ஆஃப் பண்ணுவாங்க. ஒரு ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோலர் சில ஆயிரம் ரூபாய்தான், டேங்க் நிரம்பினா தானா நிக்கும், சம்ப்ல தண்ணி இல்லன்னாலும் நிக்கும், மோட்டார் காயில் எரியுறதும் இதால நிக்கும்.

அடுத்தது ஃபுட் வால்வ் லீக், அதாவது உறிஞ்சுற குழாயோட அடியில தண்ணி திரும்பி இறங்காம தடுக்குற வால்வ். மோட்டார் போட்டு தண்ணி ஏறவே ரெண்டு மூணு நிமிஷம் ஆகுதா, ஒவ்வொரு தடவையும் ப்ரைமிங் பண்ண, அதாவது கையால தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ண வேண்டி வருதா, அப்போ ஃபுட் வால்வ் போயிடுச்சு, மாத்துங்க.

மூணாவது வீட்டுக்குள்ள ஒழுகுற தண்ணி. இதுதான் கண்ணுக்கே தெரியாது. ஃப்ளஷ் டேங்க்ல இருந்து ராத்திரி பகலா சொட்டுற தண்ணி எல்லாம் நம்ம கரண்ட்ல மேல ஏறின தண்ணிதான். கண்டுபிடிக்க ஒரு சிட்டிகை கேசரி பவுடரை ஃப்ளஷ் டேங்க் உள்ள போட்டுட்டு 20 நிமிஷம் ஃப்ளஷ் பண்ணாம விட்டு கீழ கிண்ணத்துல பாருங்க, தண்ணி ஆரஞ்சா மாறியிருந்தா உள்ள வாஷர் போயிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல இதைச் செய்யச் சொல்லி, லீக் இருக்குற வீட்டுக்கெல்லாம் அசோசியேஷன் செலவுலயே ஒரு பிளம்பரை அனுப்பி ஒரே நாள்ல சரி பண்ணிடுங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா பிளம்பர் கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தா நடக்காது. காமன் மோட்டார்ல மிச்சமாகுறதை வச்சுப் பார்த்தா அந்த பிளம்பர் கூலி ஒண்ணுமே இல்ல.

போர்வெல் விஷயத்துல இன்னும் ஒண்ணு சொல்லணும். சென்னைல இன்னமும் நிறைய பில்டிங்ல கம்ப்ரஸர் மோட்டார் ஓடுது, போருக்குள்ள காத்தை அடிச்சு காத்தோட தண்ணியைத் தள்ளுற டைப். தண்ணி கொஞ்சமா ஊறுற, மண்ணு வர்ற போருக்கு அது தேவைப்படும், ரிப்பேர் பண்றதும் சுலபம், அதனாலதான் போட்டாங்க. ஆனா அதே தண்ணிக்கு சப்மெர்சிபிளை, அதாவது போருக்குள்ள தண்ணியில முங்கியே ஓடுற மோட்டாரை விட ரொம்ப அதிகமா கரண்ட் தின்னும். உங்க போர் தாங்குமா, பைப் சைஸ் பத்துமா, எந்த ஆழத்துல தண்ணி நிக்குதுன்னு போர்வெல் மெக்கானிக்கை வச்சு அளந்து பார்த்துட்டு முடிஞ்சா சப்மெர்சிபிளுக்கு மாறிடுங்க. வருஷக்கணக்கா யோசிக்காம அதே கம்ப்ரஸரை ரிப்பேர் பண்ணிப் பண்ணி ஓட்டுறதைப் பார்த்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா அந்தப் பணத்துல பாதிக்கு அந்த பில்டிங் மொத்தத்துக்கும் எல்இடி போட்டிருக்கலாம்.

லைட், லிஃப்ட், மத்தது

பழைய 40 வாட்ஸ் ட்யூப்லைட் சோக்கோட சேர்த்து 50 வாட்ஸ் பக்கம் இழுக்கும். அது 30 இருந்து ராத்திரி 12 மணி நேரம் எரிஞ்சா தினம் 18 யூனிட், அதே இடத்துல 20 வாட்ஸ் எல்இடி பேட்டன் போட்டா 7 யூனிட். போட்ட காசு சில மாசத்துல வந்துடும், இதுக்கு மேல வாதாட ஒண்ணுமில்ல. மாடிப்படி, பார்க்கிங்ல மோஷன் சென்சார் வைக்கலாம், ஆனா படிக்கட்டுல முழு இருட்டு ஆகக் கூடாது, வயசானவங்க இறங்குவாங்க, ஒரு மாடிக்கு ஒரு லைட் எப்பவும் எரியட்டும்.

லிஃப்ட் உள்ள ஃபேனும் லைட்டும் ஆள் இல்லாதப்போ தானா அணையுதான்னு பாருங்க, பல இடத்துல அந்த செட்டிங் ஏற்கனவே இருக்கும், யாரும் ஆன் பண்ணியிருக்க மாட்டாங்க, ஏஎம்சிக்கு, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வர்ற டெக்னீஷியன்கிட்ட சொன்னா போதும்.

கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் இருக்குற பெரிய குடியிருப்புல கதை வேற, அங்க கழிவுநீருக்குள்ள காத்து அடிக்கிற ப்ளோயர்தான் 24 மணி நேரமும் ஓடி முதல் இடத்துல இருக்கும். ஆனா அதைச் சும்மா நிறுத்திடாதீங்க, அந்தக் காத்துலதான் உள்ள இருக்குற பாக்டீரியா உயிரோட இருக்கு, நிறுத்தினா நாத்தம் தாங்காது. தண்ணியில ஆக்ஸிஜன் அளவைப் பார்த்து ப்ளோயர் வேகத்தைக் குறைக்கலாமான்னு பிளான்ட் ஆபரேட்டரோட உக்காந்து பேசுங்க.

ஜெனரேட்டர்ல ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 3 யூனிட்தான் வரும், அப்போ அந்த யூனிட் விலை ஈபியை விட பல மடங்கு. கரண்ட் போனா ஜெனரேட்டர் எதையெல்லாம் தூக்கணும்னு ஒரு லிஸ்ட் போடுங்க. லிஃப்ட், ஒரு மோட்டார், சில லைட், வீட்டுக்கு ஒரு ஃபேன் லைட் போதும்.

இப்போதான் மீட்டிங்

மேல சொன்ன கணக்கு எல்லாம் கைல வந்தப்புறம் ஜெனரல் பாடியைக் கூட்டுங்க, முன்னாடி கூட்டாதீங்க. வெறும் கையோட போனா மீட்டிங் பூரா பார்க்கிங் சண்டைலயே போயிடும். ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து ஒவ்வொருத்தர் கைலயும் குடுங்க, மோட்டாருக்கு இவ்ளோ யூனிட் போகுது, இவ்ளோ போதும், சரி பண்ண இவ்ளோ செலவு, எத்தனை மாசத்துல திரும்பும், அவ்ளோதான்.

மூணு கேள்வி கண்டிப்பா வரும். "எங்க வீட்ல யாரும் இல்ல, பூட்டித்தான் கிடக்கு, நாங்க ஏன் குடுக்கணும்?" அவங்களும் காமன் பில்லுல பங்கு கட்டுறாங்க, குறைஞ்சா அவங்களுக்கும் குறையும்னு அவங்க போன வருஷம் கட்டின தொகையைக் காட்டிச் சொல்லுங்க. "நான் வாடகைக்கு இருக்கேன், எனக்கென்ன?" இவங்கதான் முக்கியம், ஏன்னா பில் கட்டுறது இவங்க, சுவரும் கூரையும் ஓனரோடது, ரெண்டு பேருமே செலவு பண்ண மாட்டாங்க. அதனால வாடகைக்கு இருக்குறவங்களையும் மீட்டிங்குக்குக் கூப்பிடுங்க, ஓட்டு இல்லன்னாலும் பேச விடுங்க. மூணாவது கேள்வி, "போன கமிட்டி பண்ணதுக்கே கணக்கு வரல". இதுக்கு ஒரே பதில் எல்லா பில்லையும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுறதுதான்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. எந்த வீட்ல எவ்ளோ யூனிட்னு லிஸ்ட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. வீட்ல படுத்த படுக்கையா ஒரு பெரியவர் இருப்பாங்க, ஏசி ராப்பகலா ஓடும், அது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்ல. விருப்பம் உள்ளவங்க பேர் இல்லாம யூனிட்டை மட்டும் ஒரு சீட்டுல எழுதிப் போடட்டும், சராசரி எவ்ளோன்னு தெரிஞ்சா அவங்கவங்க எங்க இருக்காங்கன்னு அவங்களுக்கே புரியும்.

மொட்டை மாடி சூடு மேல் மாடிக்காரங்க பிரச்சனை மட்டும் இல்ல

ஏப்ரல், மே மாசத்துல மேல் மாடி வீட்டுக்கு ராத்திரி 10 மணிக்குப் போய்ப் பாருங்க. கட்டில் மேல ஏறி நின்னு சீலிங் பக்கத்துல கையைக் காட்டினா அனல் அடிக்கும், பகல் பூரா வாங்கின வெயிலை கான்க்ரீட் அப்போதான் உள்ள விட்டுட்டு இருக்கும், ஃபேன் போட்டா அந்தச் சூட்டைத்தான் கீழ தள்ளும். ஏசி போட்டாலும் ரூம் குளிர ரொம்ப நேரம் ஆகும். இதை "டாப் ஃப்ளோர் வாங்கினீங்கல்ல, அனுபவிங்க"ன்னு சொல்ற பில்டிங்கும் இருக்கு. மாடி பொதுச் சொத்து, தண்ணி ஒழுகினா எல்லாரும் சேர்ந்துதானே சரி பண்றோம், சூடும் அப்படித்தான்.

வழி ரொம்ப சிம்பிள், மாடியை வெள்ளை ஆக்கணும். கூல் ரூஃப் பெயிண்ட்னு கடைல கிடைக்குது, பட்ஜெட் இல்லன்னா சுண்ணாம்புல ஃபெவிகால் கலந்து ரெண்டு கோட்டிங் அடிக்கலாம், என்ன, மழைல கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். பெயிண்ட் எடுத்தா எவ்ளோ வெயிலைத் திருப்பி அனுப்பும்னு எஸ்ஆர்ஐ அளவு டப்பால இருக்கும், அதிகமா இருக்குறதை எடுங்க. புதுசா தளம் போடுற நிலைமைல இருந்தா வெள்ளை கூல் டைல்ஸ் பதிச்சா ரொம்ப வருஷம் வரும். தெலங்கானாவுல 2023-லயே கூல் ரூஃபுக்குன்னு ஒரு தனிக் கொள்கையே கொண்டு வந்துட்டாங்க, அந்த அளவுக்கு இது நிரூபிச்ச விஷயம்.

வரிசை முக்கியம். முதல்ல விரிசல், தண்ணி ஒழுகல் எல்லாம் சரி பண்ணுங்க, அப்புறம் வெள்ளை, அதுக்கப்புறம்தான் சோலார் ஸ்டாண்ட். பேனல் போட்டப்புறம் ஒழுக ஆரம்பிச்சா எல்லாத்தையும் கழட்டணும். மார்ச் மாசத்துக்குள்ள அடிச்சு முடிச்சுடுங்க, அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடி பலன் தெரியும். தூசி படிஞ்சா வெள்ளையோட வேலை குறைஞ்சிடும், அப்பப்போ பெருக்கிக் கழுவி விடணும். மேற்குப் பக்க சுவர்ல வெயில் நேரா அடிக்கிற ஜன்னலுக்கு வெளிப்பக்கமா மூங்கில் தட்டி கட்டுறதுக்கு அசோசியேஷன் அனுமதி குடுங்க, "எலிவேஷன் கெட்டுடும்"னு தடுக்காதீங்க. உள்ள ஸ்கிரீன் போட்டா வெயில் ஏற்கனவே கண்ணாடியைத் தாண்டி வந்துடும், வெளிய தடுத்தாதான் பிரயோஜனம்.

வீட்டுக்குள்ள: மொத்தமா வாங்குங்க

இங்கதான் அசோசியேஷனோட பலம். ஒரு வீடு ஒரு ஃபேன் வாங்கினா கடைக்காரர் எம்ஆர்பில கொஞ்சம் குறைப்பார், 24 வீடு சேர்ந்து 60, 70 ஃபேன் ஆர்டர்னு போனா டீலரே பில்டிங்குக்கு வந்து பேசுவார், மாட்டிக் குடுக்கிற கூலியும் சேர்த்துப் பேசலாம்.

சாதாரண ஃபேன் 75 வாட்ஸ், கரண்ட் கம்மியா இழுக்குற புது வகை மோட்டார் இருக்குற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் பக்கம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுற ஃபேனுக்கு ரெண்டு மாசத்துல 40 யூனிட் மிச்சம். ரெண்டு ஃபேன்னா 80. இந்த 80 யூனிட் எவ்ளோ பெருசுன்னா, நம்ம வீட்டுக் கட்டணத்துல 500 யூனிட்ல ஒரு பெரிய படி இருக்கு. 2022 ரேட்டை வச்சுச் சொல்றேன், 500 யூனிட் எடுத்தா 1,725 ரூபாய், 510 எடுத்தா 2,030 ரூபாய். வெறும் 10 யூனிட்டுக்கு 305 ரூபாய், ஏன்னா 500-ஐத் தாண்டினா கீழ இருக்குற 101-லேர்ந்து 200 வரைக்கும் உள்ள மலிவு ரேட்டும் போயிடுது. இப்போ ரேட் ஏறியிருக்கு, இந்த அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு புரியத்தான் இது. 550, 580-ன்னு வர்ற வீடுங்களுக்கு ரெண்டு ஃபேன் மாத்துறதே அந்தக் கோட்டுக்குக் கீழ கொண்டு வந்துடும். இந்த ஒரு கணக்கை மீட்டிங்ல சொன்னாலே பாதிப் பேர் ஆர்டர் ஷீட்ல பேர் எழுதுவாங்க.

ஏசி விஷயத்துல ஒரு டிகிரி ஏத்தி வச்சா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தித் திறன் பணியகமே (பிஇஇ) சொல்லுது, 2020 ஜனவரில இருந்து புது ஏசி எல்லாம் ஆன் பண்ணதும் 24-ல ஆரம்பிக்கணும்னு விதியே இருக்கு. 26-ல வச்சு கூடவே பிஎல்டிசி ஃபேன் போட்டா நல்லாவே இருக்கும். அதை விட அபார்ட்மென்ட்ல கவனிக்க வேண்டியது அவுட்டோர் யூனிட். காத்துக்கு வழி இல்லாத டக்ட்ல, அதாவது சுவருக்கு நடுவுல இருக்குற குறுகலான சந்துல அஞ்சாறு யூனிட்டை அடுக்கடுக்கா மாட்டியிருப்பாங்க, கீழ் வீட்டு யூனிட் விடுற அனலை மேல் வீட்டு யூனிட் இழுக்கும், மேல போகப் போக பில் ஏறும், யாருக்கும் ஏன்னு தெரியாது. எங்க மாட்டணும், எவ்ளோ இடைவெளி விடணும்னு அசோசியேஷன் ஒரு விதி வச்சு, சர்வீஸும் எல்லாருக்கும் சேர்த்து மார்ச்சுல ஒரே ஆளைக் கூப்பிட்டு முடிங்க.

ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர்ல ஒரு பேப்பரை வச்சு மூடி இழுங்க, சுலபமா வந்தா ரப்பர் மாத்தணும். கீசர் சுவிட்சை மறக்குற வீட்டுக்கு டைமர். இதுக்கு மேல நீட்ட வேண்டியதில்ல.

கடைசியா சோலார்

இவ்ளோவும் முடிச்சு ரெண்டு மூணு பில் பார்த்தப்புறம் காமன் உபயோகம் ஒரு இடத்துல நிக்கும், அதுக்குத் தகுந்த அளவு போடுங்க. ஒரு கிலோவாட் நம்ம ஊர் வெயிலுக்கு நாளுக்கு சுமார் 4 யூனிட் குடுக்கும், நிழல் விழாத 100 சதுர அடி வேணும். 2024 பிப்ரவரில வந்த பிஎம் சூர்ய கர்ங்கற மத்திய அரசு சோலார் திட்டத்துல தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம்னு எல்லாருக்கும் தெரியும், அசோசியேஷனோட பொது உபயோகத்துக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டுங்கறது பல கமிட்டிக்குத் தெரியல. நம்ம தேவை போக ஈபி லைனுக்கு வெளிய போற யூனிட்டை ஈபி எந்தக் கணக்குல எடுத்துக்கும்னு உங்க கனெக்‌ஷன் வகைக்கு செக்‌ஷன் ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க, ஏஜென்ட் வாயால சொல்றதை வச்சு கணக்கு போடாதீங்க. எப்படி இருந்தாலும் நம்ம பண்ற கரண்ட்டை நம்மளே அப்பவே செலவு பண்றதுதான் லாபம், அதனால மோட்டார் ஓடுற நேரத்தை விடியக்காலத்துக்குப் பதிலா காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் நடுவுல வச்சுக்குங்க, டேங்க்தான் நம்ம பேட்டரி.

பேனல் கழுவ தண்ணி லைன், ஏறிப் போக பத்திரமான வழி, ரெண்டுமே கான்ட்ராக்ட்ல இருக்கணும்.

அபார்ட்மென்ட் இல்லாத ஊருக்கு

தனி வீடுங்க இருக்குற தெரு, கிராமம்னாலும் இதே வரிசைதான். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி இதுக்கு நல்ல உதாரணம். தண்ணித் திட்டம், தெரு விளக்குன்னு பில் ஏற ஆரம்பிச்சதும் கரண்ட் எங்க போகுதுன்னு பார்த்தாங்க, தண்ணி இறைக்க மரக்கழிவை எரிவாயுவா மாத்தி ஓடுற கேஸிஃபையர் வச்சாங்க, அப்புறம் 2006-ல சண்முகம் தலைவரா இருந்தப்போ பேங்க் லோன் வாங்கி சுமார் ஒன்றரைக் கோடில ஊராட்சிக்குன்னே 350 கிலோவாட் காத்தாலை வாங்கி, தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு வித்தாங்க. காத்தாலையைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க, எனக்கு அதுக்கு முன்னாடி நடந்த வேலைதான் பெருசாத் தெரியுது.

புதுசா ஃப்ளாட் புக் பண்றவங்க 2018-ல வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதாங்கற வீட்டுக் கட்டட விதிப்படி சுவரும் ஜன்னலும் டிசைன் பண்ணியிருக்காங்களான்னு பில்டர்கிட்ட கேளுங்க, கட்டினப்புறம் மாத்த முடியாத விஷயம் அது.

அடுத்த கமிட்டிக்கு

இந்த வேலை நின்னு போறது பெரும்பாலும் கமிட்டி மாறும்போதுதான். அதனால ஒரு ஃபைல் வைங்க, அதுல தினசரி ரீடிங் நோட்டு, லெவல் கன்ட்ரோலர் பில், மோட்டார் வைண்டிங் பண்ண தேதி, பெயிண்ட் அடிச்ச தேதி, எந்த டேங்குக்கு எந்த வால்வுன்னு ஒரு படம், டெக்னீஷியன் நம்பர் எல்லாம் இருக்கட்டும். பலன் பார்க்கும்போது போன பில்லோட ஒப்பிடாதீங்க, போன வருஷம் இதே ரெண்டு மாசத்தோட ஒப்பிடுங்க, ஏன்னா மே மாசத்தையும் டிசம்பரையும் பக்கத்துல வச்சா எதுவுமே தெரியாது. முதல் வருஷம் மோட்டாரும் லைட்டும் மாடியும் முடிஞ்சா போதும், ஃபேன் ஆர்டர் ரெண்டாவது வருஷம், சோலார் அதுக்கப்புறம். மிச்சமான பணத்தை மெயின்டனன்ஸ்ல கரைச்சிடாம தனி அக்கவுன்ட்ல போடணும்னு முதல் மீட்டிங்லயே தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல எழுதி வைங்க, அடுத்த வேலைக்கு யார்கிட்டயும் புதுசா வசூல் கேட்க வேண்டி வராது.